மேல்மாடி

பல்கேரியாவிலிருந்து வந்த பொதியைக் கிழித்து
என்ன சாமான் இது என்றார் சுங்கத்தில்.
பஞ்சில் குத்திவைத்த பன்னிரண்டு கறுப்புப் பூச்சி.
மெமரி, என்றேன்.
விலையை விடக் கூடுதலாக வரி எழுதினார்.

கணினி, தெஹிவளையில் வீட்டை விற்றுப்போன
ஒரு பறங்கிக் குடும்பத்தின் மிச்சம்.
இறப்பர் விசைகள். பதினாறு கே.
மேலே இன்னொரு மாடி எழுப்ப
எண்பத்திரண்டிலேயே பலகையில் இடம் விட்டிருந்தார்கள்.
வெள்ளவத்தையில் பாதி வீடு இப்படித்தான்,
மொட்டைமாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும்.

பகலில் எனக்கு வேலை கடலோர அடுக்குமாடி ஒன்றில்.
ஐம்பத்தாறு வீடு, முப்பத்தொன்று பூட்டு.
சொந்தக்காரர் ஸ்காபரோவில், ஹாரோவில், ஒஸ்லோவில்.
மாதம் பிறந்தால் ஒவ்வொரு கதவாய்த் திறப்பேன்,
குழாயைத் திருகித் துருத்தண்ணி போகவிட்டு
மூடி, பூட்டி,
எல்லாம் சரி என்று படத்தோடு செய்தி போடுவேன்.

இரவு. ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டு
உடம்பிலிருந்த மின்னை இறக்கிவிட்டு
ஐந்து திருகாணியையும் கழற்றினேன்.
விசைப்பலகையின் வால் அப்பளம் மாதிரி,
மூச்சுப் பட்டாலே முறியும்.
கடற்காற்று இதற்குள்ளும் வந்திருந்தது:
ஒரு மூலையில் செம்பு பச்சை பிடித்து.
வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து
ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
ஏழாவதை அழுத்தும்போது பாணந்துறை ரயில் போனது.
மேசை ஆடியது.

ஆளி இல்லாத இயந்திரம்,
வயரைச் செருகினால் விழிப்பு, பிடுங்கினால் உறக்கம்.
திரை கறுத்தது, பிறகு வெளுத்தது.
அந்த இடைவெளியில் அது செய்வது இதுதான்:
அறை அறையாகப் போய் இரண்டு என்று எழுதிவைக்கும்,
திரும்பி வந்து ஒன்றைக் குறைக்கும், இன்னுமொன்றைக் குறைக்கும்,
பூச்சியம் வந்தால் நல்ல அறை.
வராத அறையோடு ஊர் முடிந்தது என்று
அங்கேயே எல்லைக்கல்லை நட்டுவிடும்.

எங்கே நட்டாய் என்று கேட்டேன்.
32767.
பழைய எல்லை.

யூனிட்டி பிளாசாவில் கடை வைத்திருக்கும் இஃபாஸ்
ஃபோனில், பாதி நித்திரையில்:
ஒவ்வொரு இலக்கத்தையும் எட்டுச் சிப்பும் பங்கு பிரித்துத்தான் வைத்திருக்கும் அக்கா,
ஒன்று பிசகினால் ஒரு அறையும் தேறாது.
டோர்ச் அடித்துக் காலைப் பாருங்கோ.

ஏழாவது. ஒரு கால் மட்டும் வயிற்றுக்கடியில் மடிந்து
சம்மணம் போட்டுக்கொண்டு.
ரயிலில் பழி போடத்தான் ஆசை.
ஊசிமுனையால் நிமிர்த்தினேன்.

65535.

முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் புது அறைகள்.
ஒவ்வொன்றுக்கும் விலாசம், ஒன்றிலும் ஆளில்லை.
நாற்பதாயிரமாம் இலக்கத்தில் 9 ஐக் குடிவைத்தேன்.
எட்டிப் பார்த்தால் 9 இருந்தது.

ஒன்பதாம் மாடி, பி.
போன மாதம், நான் குழாயைத் தொடமுதலே தொட்டி ஈரம்.
விளிம்பில் தேய்ந்த சந்தன சவர்க்காரம்.
கதவுக்குப் பின்னால் ஆணியில் காயும்
ஒரு சோடி பள்ளிக்கூடச் சொக்ஸ், சின்னக் கால்.
சாவி இன்னொன்று காவலுக்கு நிற்கும் ஜயதிஸ்ஸவிடமும் உண்டு.
நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.
சொக்ஸ் விழாத கோணத்தில் நின்று படம் எடுத்தேன்.
எல்லாம் சரி.
ஒஸ்லோ பெருவிரல் காட்டியது.

வயரைப் பிடுங்கினேன். செருகினேன்.
நாற்பதாயிரத்தில் இப்போது 0.
நல்ல இயந்திரம்தான், சொன்ன வேலையைச் செய்கிறது.

மூடிப் பூட்டிய பிறகும் மேசையில் ஒரு திருகாணி மிச்சம்.
மணி இரண்டு. விடிந்தால் ஒன்றாம் திகதி.
ஒன்பதுக்குக் கடைசியாகத்தான் ஏறவேணும்,
பள்ளிக்கூட வான் வந்துபோன பிறகு.